கைக்கு எட்டும் தட்டு

சமையலறைச் சுவருக்குள் ஓடிய தண்ணீர்க் குழாய் சத்தம் காட்டாமல் கசிந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. பலகைகள் ஊறி, உப்பி, ஒருநாள் மேல் அலமாரி அப்படியே கழன்று அடுப்பு மேடைமேல் உட்கார்ந்தபோதுதான் வீட்டுக்கு விஷயம் தெரிந்தது. உடைந்தவை சில கண்ணாடி ஜாடிகள்தான். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த பேச்சைக் கேட்டவர்கள் ஏதோ கோட்டையே இடிந்து விழுந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

புதிதாகப் போடப்போவது கதவில்லாத வெறும் தட்டுகளா, கதவு போட்ட அலமாரியா? இதுதான் பேச்சு. காலையிலும் இதுதான், சாப்பிடும்போதும் இதுதான்.

வீட்டில் பெண்கள் இரண்டு பேர். அண்ணன் பெண்டாட்டியைப் பெரியவள் என்றும் தம்பி பெண்டாட்டியைச் சின்னவள் என்றும் அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். பெரியவள் உருவத்தில் சின்னவள். சின்னவள் நல்ல உயரம். புதிதாக வருகிறவர்கள் மாற்றிக் கூப்பிட்டு அசடு வழிவது வழக்கம்.

பெரியவளுக்குத் துணிகளை அளவு குறைத்தும் பிரித்தும் தைத்துக் கொடுக்கும் கடையில் வேலை. அங்கே நூல்கண்டுகள் சுவர் முழுக்கத் திறந்த தட்டுகளில் நிற்கும். தலையைத் திருப்பினால் போதும், வேண்டிய நிறம் கண்ணில் படும். சின்னவளுக்குப் பல் மருத்துவமனையில் கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கி, அடுக்கி வைக்கும் வேலை. அங்கே ஒரு துண்டுப் பஞ்சுகூட வெளியில் கிடக்காது. ஆளுக்கு ஆள் வேலை பழக்கிய புத்தி.

"கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் கைக்கு வரும். கதவு போட்டு மூடிட்டா உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் பெரியவள்.

"திறந்து வச்சா எண்ணெய்ப் பிசுக்கு படியும் அக்கா. வாரா வாரம் யாரு துடைக்கிறது?"

"நீயா துடைக்கிற? உன் வீட்டுக்காரர்தானே துடைக்கிறாரு."

அந்த வீட்டுக்காரர், அதாவது பெரியவளின் கொழுந்தன், பஸ் ஓட்டுகிறவன். நாள் முழுக்க ஹாரன் சத்தம் கேட்டவன் வீட்டில் அமைதியாக இருக்கத்தான் ஆசைப்படுவான். "எனக்கு எதுவா இருந்தாலும் சரி அண்ணி. சாப்பாட்டுக்குக் கதவு போட்டுடாதீங்க, அது போதும்" என்று நழுவினான்.

அளவு பார்க்க வந்த தச்சர் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனார். காதில் பென்சில், வாயில் ஓயாத பேச்சு. மனிதருக்கு ஓட்டை வாய். "சனிக்கிழமை காலைல வர்றேன், அதுக்குள்ள ஒரு முடிவுக்கு வாங்க. இந்தக் கதவை லேசா நினைக்காதீங்க. நான் வேலை பாத்த ஒரு வீட்ல அண்ணன் தம்பி குடும்பம் ரெண்டும் ஒரே சமையல்கட்டு. ஆளுக்கொரு பக்கம் அலமாரி, ஆளுக்கொரு கதவுன்னாங்க. அப்புறம் ஆளுக்கொரு பூட்டு. அடுத்து அடுப்பு ரெண்டாச்சு. அதுக்கப்புறம் வீடே ரெண்டாச்சு. எனக்கென்ன, எனக்கு வேலை ரெண்டாச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். ஆனால் அந்தப் பேச்சு அவள் மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

காரணம் இருந்தது. அவளை இந்த வீட்டோடு கட்டிவைத்த மனிதன் உயிரோடு இல்லை. அண்ணன் என்று ஒருவன் இருந்ததால்தான் அவள் அண்ணி. அவன் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை. பிள்ளை குட்டியும் இல்லை. "நீங்க எங்க போகப்போறீங்க அண்ணி, இங்கயே இருங்க" என்று அன்றைக்குக் கொழுந்தன் அழுதுகொண்டே சொன்னதுதான் அவளுக்கு இருந்த ஒரே பிடிமானம். அழுகிறவன் சொன்ன வார்த்தை எத்தனை காலத்துக்குச் செல்லும் என்று அவள் அடிக்கடி நினைத்துப் பார்ப்பாள். சின்னவளின் மகள், வீட்டில் வாயாடி என்று பெயர், பெரிம்மாவின் பக்கத்தில் படுத்தால்தான் தூங்குவாள். அந்தக் குட்டிக் கால் தன் வயிற்றில் வந்து விழும்போதெல்லாம் பெரியவளுக்கு, நாம் இந்த வீட்டு ஆள்தான் என்று ஒரு தெம்பு வரும்.

சின்னவளும் மோசமில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் தன் அம்மா வீட்டுச் சொற்களை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பெரியவள் விளக்குமாறு என்றதை அவள் துடைப்பம் என்றாள். பெரியவள் கேட்டது ஒன்று, அவள் எடுத்து நீட்டியது ஒன்று என்று இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்த நாட்கள் உண்டு. பிறகு அவளேதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரியவளின் சொற்களுக்கு மாறிக்கொண்டாள். யாரும் மாறச் சொல்லவில்லை. கூடவே இருந்ததில் ஒட்டிக்கொண்டது.

விவகாரம் வெடித்தது வியாழக்கிழமை. பெரியவள் கடைக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்க முடியாது. சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்கு ஓடி வந்தாள். சின்னவளுக்கு அன்றைக்கு விடுமுறை. கதவைத் திறந்து உள்ளே காலை வைத்தபோது அவள் பால்கனியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள், முதுகு இந்தப் பக்கம்.

"தனியா. ஆமாங்க, தனியாதான். அதான் முக்கியம். மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

பெரியவள் அசையாமல் நின்றாள்.

"ஒண்ணாவே வச்சிருந்ததுலதான் இவ்ளோ பிரச்சினையும். கதவு போட்டு இறுக்கமா மூடிடணும். இல்லைங்க, அக்காகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா மனசு உடைஞ்சு போயிடுவாங்க. நீங்களும் வாய் தவறிச் சொல்லிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பெரியவள் எதற்கு வந்தோம் என்பதையே மறந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, திருட வந்தவள்போல ஓசைப்படாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். படியிறங்கி முடித்த பிறகுதான் செருப்பைக் காலில் போடத் தோன்றியது. கண்ணாடி மேலே வீட்டிலேயே கிடந்தது.

அன்று பிற்பகல் ஒரு கால்சட்டையின் இடது காலை மட்டும் குறைத்துத் தைத்தாள். பிறகு அதே இடது காலை இன்னொரு முறை குறைத்தாள். கடை முதலாளியம்மா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதைப் போடுறவர் ஒத்தைக் கால்ல நிக்கணுமா? என்ன ஆச்சு உனக்கு?" என்றாள். பெரியவள் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். தனியா, தனியாதான் என்று காதுக்குள் அந்தக் குரல் ஓய்ந்தபாடில்லை.

ஒருமுறை சந்தேகம் புகுந்துவிட்டால் வீட்டில் நடப்பதெல்லாம் சாட்சி சொல்ல ஆரம்பித்துவிடும். அன்று மாலை கொழுந்தன் அளவு நாடாவோடு அவள் அறை வாசலில் நின்றான். "அண்ணி, உங்க பீரோவை வெளிய எடுத்தா உள்ள எவ்ளோ இடம் வரும்?" என்றான். "எதுக்கு?" என்று அவள் கேட்கவில்லை. "நிறைய வரும்" என்று மட்டும் சொன்னாள்.

சின்னவள் அன்றைக்கு என்றுமில்லாத அன்போடு, "அக்கா, நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கிறேன்" என்று அடுப்படியிலிருந்து அவளை வெளியே அனுப்பினாள். இதே வார்த்தை போன வாரம் காதில் விழுந்திருந்தால் உச்சி குளிர்ந்திருக்கும். இப்போது, இங்கே உனக்கு வேலையில்லை என்று சொல்வதுபோல இருந்தது.

வாயாடி வேறு, படுக்கையில் ஏறியதும் காதருகில் வந்து, "பெரிம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க. நான் சொல்லவே மாட்டேன்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு மிட்டாய் போதும், எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். பெரியவள் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால் அது நிஜமாகிவிடும் என்று பயம்.

அவளுக்கு ரோஷம் அதிகம். கழுத்தைப் பிடித்துத் தள்ளும்வரை காத்திருக்கிற ஜாதி இல்லை நான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இதைச் சொல்லிக்கொள்ளும்போது கண்ணில் தண்ணீர் வந்தது வேறு விஷயம். மறுநாள் கடைக்குப் போனதும் முதலாளியம்மாவிடம், "மேல ஒரு ரூம் சும்மாதானே இருக்கு?" என்று கேட்டாள்.

"இருக்கு. யாருக்கு?"

"தெரிஞ்ச ஒருத்திக்கு."

முதலாளியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். வேறு எதுவும் கேட்காமல் சாவியைக் கொடுத்தாள்.

அறை ஒன்றும் மோசமில்லை. ஜன்னல் இருந்தது, குழாய் இருந்தது. தலையில்லாத துணிக்கடைப் பொம்மைகள் சில மூலையில் கூட்டம் போட்டிருந்தன. சுவரில் ஒரு மரத்தட்டு, கதவில்லாதது. அவள் ஆசைப்பட்ட அதே திறந்த தட்டு. அதில் ஒரு டம்ளரையும் ஒரு சாப்பாட்டுத் தட்டையும் வைத்துப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டாள். இங்கே எல்லாவற்றையும் திறந்தே போட்டு வைக்கலாம். வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை. தூசி விழுகிறது என்று சண்டைக்கு வரவும் ஆளில்லை. பொம்மைகளைப் பார்த்து அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சாவியைத் திருப்பிக் கொடுக்காமல் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை காலை தச்சர் வந்தார். கொழுந்தனுக்கு மதியம்தான் டூட்டி, அவனும் இருந்தான். சின்னவள் அடுப்பு மேடையில் இருந்ததையெல்லாம் ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தாள். வாயாடி தச்சரின் இழுப்பு நாடாவை இழுத்து விட்டு இழுத்து விட்டு விளையாடிக்கொண்டிருந்தாள்.

"அப்புறம், என்ன முடிவு? திறந்தா, மூடியா?" என்றார் தச்சர்.

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் பெரியவள் முந்திக்கொண்டாள். வழியெல்லாம், குளியலறையிலெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்சு.

"கதவே போட்டுடுங்க. எல்லாத்துக்கும் போட்டுடுங்க. அவ இஷ்டப்படி இருக்கட்டும். எனக்குன்னு இங்க ஒரு தட்டும் வேணாம். என்னைப் பத்தி யாரும் கவலைப்பட வேணாம். நான் தனியா..."

"தனியாவா?" என்று தச்சர் குறுக்கே புகுந்தார். "அதுக்குத்தான் அப்பவே கீழ இடம் ஒதுக்கியாச்சேம்மா! அடுப்புக்கு இந்தப் பக்கம். கதவு ஓரத்துல ரப்பர் வச்சு இறுக்கமாப் போட்டுத் தர்றேன். இனிமே ஒரு வண்டு உள்ள நுழையாது. அப்படி நுழைஞ்சா என்னைக் கேளுங்க."

சின்னவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். தச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார், ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

"வண்டா?" என்றாள் பெரியவள். "எந்த வண்டு?"

"அது வந்து... அக்கா..."

"எந்த வண்டுடி?"

"மல்லி டப்பால" என்றாள் சின்னவள், தரையைப் பார்த்துக்கொண்டு. "உங்க மல்லி டப்பாலதான். மூடி வச்சா புழுங்கி வாசனை போயிடும்னு எப்பவும் அரை மூடியா வச்சிருப்பீங்கல்ல. வண்டு வச்சிடுச்சு. சமைக்கும்போது ஆவி படியுதுன்னு நீங்க கண்ணாடியைக் கழட்டிடுறீங்க, உங்களுக்குத் தெரியல. நான் அதைக் கொட்டிட்டுப் புதுசு வாங்கி வச்சேன். மறுபடியும் வச்சிடுச்சு. மறுபடியும் கொட்டினேன். எல்லா டப்பாவும் ஒண்ணா வச்சதுல சீரகத்துக்கும் ஏறிடுச்சு."

"நான் சொல்லவே இல்ல!" என்று வாயாடி தன் பெருமையைப் பதிவு செய்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? இத்தனை நாளா பிள்ளைக்கு வண்டைப் பொடி பண்ணிப் போட்டுட்டேனான்னு நீங்க சாப்பிடாமக் கிடப்பீங்க. அதான், பேசாம கதவு போட்டுட்டா விஷயம் முடிஞ்சுடும்னு இந்தத் தச்சர்கிட்ட போன்ல சொன்னேன். இவருக்கு எங்க வாய் நிக்குது."

பெரியவளுக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. விளங்கிவிடக் கூடாது என்றுகூட ஒரு பயம். மெல்லக் கேட்டாள்: "அப்போ, தனியா, தனியாதான் முக்கியம்னு நீ போன்ல சொன்னது..."

"மல்லிதான் அக்கா. எங்கம்மா வீட்ல தனியான்னுதான் சொல்லுவோம். வெளி ஆளுங்ககிட்ட பேசுறப்ப அந்தப் பேருதான் வாயில வருது." சின்னவள் நிமிர்ந்தாள். "நான் போன்ல பேசினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெரியவள் மேடைமேல் கையை ஊன்றிக்கொண்டாள். பையிலிருந்து சாவியை எடுத்து அந்த மேடைமேல் வைத்தாள். அவளால் அதைத்தான் செய்ய முடிந்தது.

"இது என்ன சாவி அண்ணி?" என்றான் கொழுந்தன்.

"கடைக்கு மேல ஒரு ரூம். பாத்துட்டு வந்தேன்."

கொழுந்தனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மல்லிக்காக வீட்டை விட்டுப் போகிறவளை அவன் பார்த்ததில்லை. ஆனால் அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "நான் பீரோவைக் கேட்டதையும் அப்படித்தான் நினைச்சீங்களா? வேலை நடக்கிறப்ப சமையல் சாமானை எல்லாம் உங்க ரூம்ல வைக்கலாம்னு கேட்டேன், அண்ணி."

சின்னவள் சிரிக்கவில்லை. அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "ரூம் பாக்குற வரைக்கும் போயிட்டீங்களா? சாவி வாங்குற வரைக்கும்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? ஒரே ஒரு வார்த்தை!"

"கேட்டு நீ ஆமான்னு சொல்லிட்டா நான் என்ன பண்றது?" என்றாள் பெரியவள். அதைச் சொன்னதும் அடக்கி வைத்ததெல்லாம் உடைந்துகொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வாயாடி பயந்து நாடாவைக் கீழே விட்டாள். அது சர்ரென்று சுருண்டு உள்ளே போனது. தச்சர், எதையோ தேடுவதுபோலத் தன் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் பெரியவள் கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம்; ஆனால் இப்போது விட்டால் இனி எப்போதும் கேட்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"நிஜத்தைச் சொல்லு. தனியாப் போகணும்னு நீ நினைச்சதே இல்லையா?"

கொழுந்தன் பெண்டாட்டியைப் பார்த்தான். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் தீர்ந்தது. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

"நினைச்சிருக்கேன்" என்றாள் சின்னவள்.

பெரியவள் தலையசைத்தாள். எதிர்பார்த்ததுதான்.

"நிறையத் தடவை நினைச்சிருக்கேன். நான் உப்பு போட்டதுக்கு அப்புறம் நீங்க வந்து ருசி பாத்துட்டு இன்னொரு சிட்டிகை போடுவீங்க பாருங்க, அப்பல்லாம் நினைச்சிருக்கேன். எனக்குன்னு ஒரு சமையல்கட்டு. நான் நல்ல உயரம்தானே, கூரை வரைக்கும் அலமாரி, எல்லாத்துக்கும் வெள்ளைக் கதவு. பாத்திரம் கழுவுறப்பல்லாம் மனசுக்குள்ள கட்டுவேன்." சின்னவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு தடவைகூட முழுசாக் கட்டி முடிச்சதில்ல. பாதியிலயே நீங்க உள்ள வந்து நின்னுடுவீங்க. மேல எட்டலடி, கொஞ்சம் எடுத்துக் குடுன்னு கூப்பிடுவீங்க. நினைப்புல கூட விட மாட்டேங்கிறீங்க. நான் என்னதான் பண்றது?"

பெரியவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டும் கலந்து விக்கலாக வந்தது.

தச்சர் பெட்டியிலிருந்து தலையை வெளியே எடுத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இன்னொரு வீடு இருக்கு. ஒரு முடிவு சொன்னீங்கன்னா..."

"அளவெடுங்க" என்றாள் சின்னவள். பெரியவளின் தோளைப் பிடித்துக் கொண்டுபோய் வெற்றுச் சுவரின் முன் நிறுத்தினாள். "கையைத் தூக்குங்க அக்கா."

"எதுக்கு?"

"தூக்குங்க, சொல்றேன். குதிகாலைத் தூக்காதீங்க, பாத்துட்டுத்தான் இருக்கேன். சும்மா நிக்கிற மாதிரி நின்னு எட்டுங்க."

பெரியவள் கையை உயர்த்தினாள். விரல் நுனி தொட்ட இடத்தில், தச்சரின் காதிலிருந்து பென்சிலை உருவிச் சின்னவள் ஒரு கோடு போட்டாள்.

"இதுக்கு மேல ஒரு தட்டும் வேணாம்."

"இவ்ளோ கீழயா?" தச்சர் அலறினார். "மேல அவ்ளோ இடமும் வீணாப் போகுமே! நீங்க தினம் குனிஞ்சு குனிஞ்சு எடுக்கணும்."

"குனிஞ்சுக்கிறேன்."

மேடைமேல் கிடந்த சாவியைச் சின்னவள் எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "இதை உங்க முதலாளியம்மாகிட்ட நானே போய்க் குடுத்துக்கிறேன். கூடவே நாலு வார்த்தை கேக்கவும் வேண்டியிருக்கு."

"சரி, உயரம் முடிஞ்சுது" என்றார் தச்சர், தலையைச் சொறிந்தபடி. "கதவு? வேணுமா, வேணாமா? அதைச் சொல்லுங்க முதல்ல."

எல்லோரும் பெரியவளைப் பார்த்தார்கள். அவள் இன்னும் கையை இறக்கவில்லை. கோட்டின்மேல் விரலை வைத்தபடியே நின்றாள்.

"போட்டுடுங்க" என்றாள். "தனியாவை உள்ள வச்சு நல்லா இறுக்கமா மூடிடுங்க. இனிமே அது வெளியவே வரக் கூடாது."